தக்காளி காத்திருக்கும், முட்டை காத்திருக்காது

இந்த வாரம் வந்த கேள்விகள் எல்லாம் ஒரே சட்டியைச் சுற்றியே வந்தன. ஆகவே இதழ் முழுக்க ஷக்ஷூகா. கரண்டியோடு வாருங்கள்.

வாசகி, மதுரை: ஷக்ஷூகா... பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்குகிறது. என்ன அது?

தக்காளியும் குடைமிளகாயும் மசாலாவோடு சுண்டிய தொக்கில் குழி பறித்து, முட்டையை உடைத்து ஊற்றி, மூடி போட்டு வேகவைப்பது. பிறந்த ஊர் துனீசியாப் பக்கம். வட ஆப்பிரிக்க அரபுப் பேச்சில் ‘கலந்து கட்டியது’ என்று பொருள். நாக்கு சுளுக்கினால் கதம்பம் என்று கூப்பிடுங்கள். சட்டி கோபித்துக்கொள்ளாது.

வாசகர், காரைக்குடி: எங்கள் அப்பத்தா வைக்கும் உடைத்து ஊற்றின முட்டைக் குழம்புதானே இது?

அக்கா தங்கை. இரண்டிலும் கொதியில் பச்சை முட்டை நேராக இறங்கும். இறங்கிய பிறகு கரண்டி போடக் கூடாது. அப்பத்தா குழம்பில் புளி உண்டு, மஞ்சள்கரு முழுக்க வேகும், சோற்றில் பிசைவோம். துனீசியச் சட்டியில் புளி இல்லை, மஞ்சள்கரு ஒழுகும், ரொட்டியில் தொடுவார்கள். அப்பத்தாவிடம் படித்தவருக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

வாசகர், சேலம்: ஆயிரம் ஆண்டு பழமையான அரேபிய உணவு என்று வாட்ஸ்அப்பில் வந்ததே?

ஆயிரம் ஆண்டுக்கு முன் அரேபியாவில் தக்காளியும் கிடையாது, மிளகாயும் கிடையாது. இரண்டும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். 1492-ல் கொலம்பஸ் அங்கே கரை தொட்ட பிறகுதான் கடல் தாண்டின. ‘டொமேட்டோ’ என்ற பெயரே மெக்சிகோவின் நாவாட் மொழிச் சொல்லான ‘டொமாட்ல்’ வழி வந்தது. உங்களுக்கு வந்தது பழமை அல்ல, ஊசிப்போனது.

வாசகி, சென்னை: ஷக்ஷூகாவைப் பிரஞ்ச்சுக்குப் போடுகிறார்களே, பிரஞ்ச் என்பது சோம்பேறிகளின் சாப்பாடுதானே?

வாதாடிப் பெற்ற சாப்பாடு அம்மா! 1895-ல் கை பெரிங்கர் என்ற ஆங்கிலேயர் ‘ஹன்டர்ஸ் வீக்லி’ இதழில் இதற்காகவே கட்டுரை எழுதினார். சனி இரவு தாமதமாகப் படுத்தவரை ஞாயிறு காலையில் எழுப்பாதீர்கள், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்குங்கள் என்பது அவர் கட்சி. பிரேக்ஃபாஸ்ட்டின் தலையும் லஞ்ச்சின் வாலும் ஒட்டிக்கொண்டன. தூக்கம் ஜெயித்தது.

வாசகர், கரூர்: அளவு சொல்லுங்கள். வர்ணனை வேண்டாம்.

இரண்டு பேருக்கு: முட்டை 4, தக்காளி முக்கால் கிலோ, பெரிய வெங்காயம் 1, சிவப்புக் குடைமிளகாய் 1, பூண்டு 4 பல், எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு. வெங்காயமும் குடைமிளகாயும் துவள 10 நிமிடம். பூண்டும் கீழே சொல்லும் மூன்று தூள்களும் வாசனை வர அரை நிமிடம். தக்காளி சுண்ட 15 முதல் 20 நிமிடம். முட்டை 5 முதல் 7 நிமிடம். வர்ணனையைச் சட்டி பார்த்துக்கொள்ளும்.

வாசகி, தர்மபுரி: நாட்டுத் தக்காளியா, பெங்களூர்த் தக்காளியா?

பாதிக்குப் பாதி. நாட்டுத் தக்காளி புளிப்பும் சாறும் தரும். பெங்களூர்த் தக்காளி சதை தரும். ஒன்று பாட்டு, மற்றது மிருதங்கம். எதுவானாலும் நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். காம்போரம் பச்சையாக இருப்பதைச் சாம்பாருக்கு அனுப்பிவிடுங்கள்.

வாசகர், கும்பகோணம்: தக்காளித் தோலை உரித்தே ஆகணுமா?

உரிக்காவிட்டால் ஊசிபோல் சுருண்டு பல்லிடுக்கில் குடியேறும். அடிப்பக்கம் கத்தியால் கூட்டல் குறி கீறி, கொதிநீரில் ஒரு நிமிடம், பச்சைத் தண்ணீரில் ஒரு முங்கு: சட்டை கழற்றுவதுபோல் வந்துவிடும். அதற்கும் நேரமில்லையா? பாதியாக வெட்டித் துருவியில் தேயுங்கள். சதை கீழே, தோல் கையிலே.

வாசகர், ஓசூர்: தக்காளி சாஸ் பாட்டிலைக் கவிழ்த்தால் வேலை மிச்சமாகுமே?

வேலையும் மிச்சமாகும், ஷக்ஷூகாவும் மிச்சமாகும். அந்த சாஸில் சர்க்கரையும் வினிகரும் முந்திக்கொண்டு நிற்கும். தோலுரித்த முழுத் தக்காளி டப்பாவில் வருகிறதே, அது வேறு ரகம்; தாராளமாகத் திறக்கலாம். பாட்டிலை சமோசாவிடம் விட்டுவிடுங்கள்.

வாசகி, திண்டுக்கல்: கரம் மசாலா போடலாமா?

பட்டையும் கிராம்பும் உள்ளே வந்தால் சட்டி பிரியாணி நினைப்பில் மிதக்கும். துனீசியாவில் ‘தாபில்’ என்று ஒரு பொடி: கொத்தமல்லி விதை, கேரவே விதை, பூண்டு, மிளகாய். கேரவே பார்க்கச் சீரகத்தின் ஜாடை. கிடைக்காவிட்டால் சீரகத்தூள் ஒரு டீஸ்பூன், மல்லித்தூள் அரை, காஷ்மீரி மிளகாய்த்தூள் ஒன்று. இந்த மூன்று போதும். நாலாவதாக வருகிறவரை வாசலிலேயே உட்கார வையுங்கள்.

வாசகர், திருநெல்வேலி: ஹரீசா வேண்டும் என்கிறார்கள். எங்கள் ஊரில் எங்கே போவது?

அம்மிக்குப் போங்கள். காய்ந்த சிவப்பு மிளகாய், பூண்டு, மல்லி, கேரவே, உப்பு, ஆலிவ் எண்ணெய்: அரைத்தால் ஹரீசா. துனீசியாவின் இந்தக் கைப்பக்குவத்தை யுனெஸ்கோ 2022-ல் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பத்து காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து அரையுங்கள். யுனெஸ்கோ வராவிட்டாலும் பக்கத்து வீடு எட்டிப் பார்க்கும்.

வாசகி, திருச்சி: தொக்கு பதம் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

இந்த இதழின் தங்கக் கேள்வி. தக்காளியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். அதில் பெரும்பகுதியை வழியனுப்புவதுதான் சமையல்.

காதைத் தீட்டுங்கள். முதலில் சலசலவென்று கொதிக்கும். போகப் போகச் சத்தம் தடித்து ‘ப்ளப், ப்ளப்’ என்று எண்ணி எண்ணிப் பேசும். ஓரத்தில் எண்ணெய் சிவந்து வளையம் கட்டும். இப்போது கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுங்கள். சட்டியின் அடி தெரிந்து, மூன்று எண்ணும்வரை கோடு மூடாமல் நின்றால் பதம். உடனே மூடிக்கொண்டால் அது இன்னும் ரசம்.

வாசகர், வேலூர்: முட்டையை ஊற்றியதும் குழி நிரம்பி எல்லாம் கலங்கிப்போனது. என் தவறு என்ன?

ரசத்தில் குழி பறித்தீர்கள். தண்ணீரில் குழி நிற்குமா தம்பி? அடுத்த முறை இன்னும் ஐந்து நிமிடம் தக்காளிக்குக் கொடுங்கள். முட்டையும் புதிதாக இருக்கட்டும். பழைய முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்துப்போய்ச் சட்டி முழுக்க ஓடும்; புதிதுடையது கெட்டியாக மஞ்சளைக் கட்டிப் பிடித்திருக்கும்.

வாசகி, நாமக்கல்: புது முட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது?

நாமக்கல்லிலிருந்து முட்டைக் கேள்வி! திருநெல்வேலிக்கே அல்வாவா? இருந்தாலும் சொல்கிறேன். தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதிது, எழுந்து நின்றால் பழசு, மிதந்தால் குப்பைக்கு. ஓட்டின் நுண்துளை வழியாக ஈரம் வெளியேற வெளியேற உள்ளே காற்றறை பெரிதாகும். முட்டைக்கு வயதானால் தலைக்கனம் குறைந்து காற்று ஏறும். மனிதருக்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு.

வாசகர், கடலூர்: முட்டையை நேராகச் சட்டியிலேயே உடைக்கலாமா?

ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் உடைத்து, பிறகு குழியில் சரியுங்கள். ஒரு கெட்ட முட்டை முக்கால் கிலோ தக்காளியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போய்விடும்.

வாசகி, கோவை: வெள்ளை வெந்தால் மஞ்சள் கல்லாகிறது, மஞ்சளைக் காப்பாற்றினால் வெள்ளை பச்சையாக நிற்கிறது. என்னதான் செய்வது?

பிரச்சினை உங்களிடம் இல்லை, முட்டையிடம். வெள்ளைக்கரு 62 டிகிரி வாக்கில் இறுகத் தொடங்கினாலும், அதில் பாதிக்கு மேல் உள்ள ஓவால்புமின் என்ற புரதம் இறுக 80 டிகிரி வேண்டும். மஞ்சள்கருவோ 65-ல் தடித்து, 70-ல் ஓட்டத்தை நிறுத்திவிடும். தாமதமாக வேகவேண்டியது முதலில் வேகிறது.

தந்திரம் இதுதான். முட்டை இறங்கியதும் கரண்டி நுனியால் வெள்ளைக்கருவை மட்டும் மெல்லச் சுற்றியுள்ள சூடான தொக்கில் இழுத்து விடுங்கள். மஞ்சளைத் தொடாதீர்கள். வெள்ளைக்குச் சூடு, மஞ்சளுக்குத் தனிமை. குடும்பத்திலும் சிலருக்கு இது தேவைப்படும்.

வாசகர், ஆம்பூர்: சமையல் குறிப்பில் அவனில் வைக்கச் சொல்கிறார்கள். எங்கள் வீட்டில் அவன் இல்லை.

கடவுளைப் பற்றிப் பேசும்போது அவன் வேண்டும்; ஷக்ஷூகாவுக்கு மூடி போதும். சிறு தீயில் மூடினால் உள்ளே கட்டிய ஆவி மேலிருந்து வேகவைக்கும். அவன் இருப்பவர் 190 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் வைக்கலாம். இரண்டிலும் வெள்ளை பால்போல் வெளுத்து, சட்டியை அசைத்தால் மஞ்சள் மட்டும் நடுங்க வேண்டும். முழு நடுக்கம் நின்றபின் எடுத்தால் முட்டை நின்றே போயிருக்கும். சட்டிச் சூடு தட்டில் வைத்த பிறகும் வேலை செய்யும்.

வாசகி, தஞ்சாவூர்: இரும்புச் சட்டியில் செய்தால்தான் அழகு என்கிறார்களே?

படத்துக்கு அழகு. தக்காளியின் அமிலம் இரும்பைக் கரைத்து நாக்கில் காசு வைத்த ருசி தரும். பழக்கிய சட்டியின் எண்ணெய்ப் பூச்சையும் தின்னும். அடிகனமான எவர்சில்வர், எனாமல், மண்சட்டி மூன்றும் நல்லவை. அலுமினியமும் வேண்டாம். கல்லைத் தோசைக்குப் பத்திரமாக வையுங்கள். அது தலைமுறைச் சொத்து.

வாசகர், புதுச்சேரி: தொட்டுக்கொள்ள எது சரி?

உங்கள் ஊர்க்காரருக்கு விடை வீட்டு வாசலிலேயே இருக்கிறது: பாகெட். 1881 முதல் 1956 வரை பிரெஞ்சுக்காரர்கள் துனீசியாவை ஆண்டதில் அங்கேயும் அந்த நீள ரொட்டி தங்கிவிட்டது. அதோடு மண் அடுப்பில் சுடும் ‘தாபூனா’ ரொட்டியும் உண்டு. மற்ற ஊர்க்காரர்கள் தடித்த கல்தோசையை எடுக்கலாம். விதி ஒன்றே: உறிஞ்சத் தெரிந்ததாக இருக்கட்டும். முறுகல் தோசை இங்கே வெறும் பார்வையாளர்.

வாசகர், ஈரோடு: முட்டையைக் கலக்கி மாதிரி கிளறிவிட்டால்?

துருக்கிக்குப் போய்ச் சேர்வீர்கள். அங்கே தக்காளி, மிளகாயோடு முட்டையை இளகலாகக் கிளறுவதற்கு ‘மெனெமென்’ என்று பெயர். இஸ்மிர் பக்கத்து ஊர்ப் பெயரும் அதுவே. அதில் வெங்காயம் உண்டா இல்லையா என்பது தீராத வழக்கு. 2018-ல் வேதாத் மிலோர் என்ற உணவு விமர்சகர் ட்விட்டரில் வாக்கெடுப்பு வைத்தார். நாலு லட்சத்துக்கும் மேல் வாக்குகள். வெங்காயம் மயிரிழையில் வென்றது. தோற்றவர்கள் கண்ணீருக்கும் வெங்காயம்தான் காரணம்.

வாசகி, நாகர்கோவில்: இவ்வளவு எளிதான யோசனை வேறு யாருக்கும் தோன்றவில்லையா?

தக்காளி போன இடமெல்லாம் தோன்றியது. நேப்பிள்ஸில் பாவம் கழுவும் இடமான ‘புர்காதோரியோ’ பெயரையே வைத்தார்கள்: சிவப்புத் தக்காளி நெருப்பு, வெள்ளை முட்டை ஆன்மா. மெக்சிகோவில் பொரித்த முட்டையைச் சோள ரொட்டியில் வைத்துத் தக்காளி சல்சாவை ஊற்றுவார்கள். மும்பைப் பார்சிகள் தக்காளி, வெண்டைக்காய், உருளைக்கிழங்கு எதன் தலையிலும் முட்டையை உடைத்து ‘பர் ஈடு’ என்பார்கள். பசியின் மூளை எல்லா ஊரிலும் ஒன்று.

வாசகர், ராமநாதபுரம்: இது துனீசியாவுடையதா, இஸ்ரேலுடையதா? தீர்ப்புச் சொல்லுங்கள்.

பிறந்த வீடு துனீசியாவும் அதன் அக்கம்பக்கமும். 1948-க்குப் பிறகு துனீசியா, லிபியா, மொராக்கோவிலிருந்து இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த யூதர்கள் சட்டியையும் தூக்கிக்கொண்டு போனார்கள். யாஃபாவில் ‘டாக்டர் ஷக்ஷூகா’ என்றே ஓர் உணவகம். அதை நடத்துவது லிபியாவின் திரிபோலியிலிருந்து வந்த குடும்பம். புகுந்த வீட்டில் புகழ் வந்ததற்காகப் பிறந்த வீட்டுப் பெயரை அழிக்கக் கூடாது. இதுதான் தீர்ப்பு, மேல்முறையீடு இல்லை.

வாசகி, பெங்களூரு: பத்து வருடம் முன்பு கேள்விப்படாத பெயர் இன்று கஃபே தோறும் இருக்கிறதே?

லண்டன் சமையல்காரர் யோதாம் ஓட்டோலெங்கி 2010-ல் வெளியிட்ட ‘ப்ளென்டி’ நூலில் இதன் செய்முறை வந்தது. மேற்கத்திய வீடுகளுக்குள் இது பரவியதில் அதற்குப் பெரிய பங்கு. இன்னொரு காரணம்: சிவப்பு, வெள்ளை, மஞ்சள், மேலே பச்சைக் கொத்தமல்லி. கேமராவுக்காகவே பிறந்த நிறங்கள். ஆனால் படம் எடுத்து முடிப்பதற்குள் முட்டை இறுகிவிடும். முதலில் ரொட்டியை நனையுங்கள்.

வாசகர், காஞ்சிபுரம்: நாங்கள் முட்டை சாப்பிட மாட்டோம். எங்களுக்கு வழி உண்டா?

துருக்கியிலேயே உண்டு. அங்கே ‘ஷக்ஷூகா’ என்று கேட்டால் பொரித்த கத்தரிக்காயைத் தக்காளி சாஸில் புரட்டித் தருவார்கள். முட்டை பேச்சே இல்லை. பெயர் ஒன்று, ஆள் வேறு. காஞ்சிக் கத்தரிக்காய்க்குக் கடவுச்சீட்டு எடுங்கள்.

வாசகி, ஊட்டி: உருளைக்கிழங்கு சேர்த்தேன். ஒரு மணி நேரம் ஆகியும் வேகவில்லை.

துனீசியாவிலும் சேர்ப்பார்கள், உங்கள் ஆசை நியாயமானது. புளிப்புக்குள் போட்ட கிழங்கு இளகாது. அமிலம் அதன் செல்சுவரை இறுக்கிப் பிடிக்கும். தனியாக வேகவைத்துக் கடைசியில் சேருங்கள். ஊட்டிக் கிழங்குக்குக் குளிர் பழக்கம், புளிப்பு பழக்கமில்லை.

வாசகி, விழுப்புரம்: மருமகள் உண்டாகியிருக்கிறாள். இதைக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், மஞ்சள்கரு முழுக்க வெந்த பிறகு. சால்மோனெல்லா கிருமிக்குப் பயந்து முட்டைப் பண்டத்தை 71 டிகிரி வரை சூடாக்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணி, குழந்தை, முதியவர் மூவருக்கும் ஒழுகும் மஞ்சள் வேண்டாம். அவள் குழிக்கு மட்டும் முதலில் முட்டையை ஊற்றி, மூன்று நிமிடம் கழித்து மற்றவர் குழிகளுக்கு ஊற்றுங்கள். ஒரே சட்டி, இரண்டு பதம். பேரன் வந்து நன்றி சொல்வான். பேத்தியானால் இன்னும் சீக்கிரம்.

வாசகர், விருதுநகர்: கறிவேப்பிலையும் கடுகும் தாளித்தால் கெட்டுவிடுமா?

கெடாது, பிரமாதமாக இருக்கும். பெயரை மட்டும் மாற்றுங்கள்: தக்காளித் தொக்கில் உடைத்து ஊற்றின முட்டை. அதற்குத் தனி மரியாதை உண்டு. அடுத்தவர் சட்டை எதற்கு?

வாசகி, பாளையங்கோட்டை: மிச்சமானால் மறுநாள் சூடு பண்ணலாமா?

தொக்கைப் பண்ணலாம், இரண்டாம் நாள் ருசி கூடும். வெந்த முட்டையைப் பண்ணினால் ரப்பர் செருப்பு. அப்போதே சாப்பிடும் அளவுக்கு மட்டும் முட்டை உடையுங்கள். மிச்சத் தொக்கு குளிர்பெட்டியில் மூன்று நாள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

வாசகி, ஸ்ரீபெரும்புதூர்: மகன் இரவு ஷிஃப்ட் முடிந்து வரும்போது மணி பத்தாகிறது. அவனுக்குச் சூடாக இதைச் செய்து போட ஆசை. என்றைக்கும் நேரம் தப்புகிறது.

பெரிங்கர் வாதாடியது சனி இரவு விழித்தவருக்காக. வாரம் முழுக்க இரவு விழிக்கும் உங்கள் மகனுக்கு இந்தச் சாப்பாட்டில் முதல் உரிமை.

தொக்கை முந்தின நாள் மாலையே வைத்து, ஆறியதும் குளிர்பெட்டியில் வையுங்கள். காலை பஸ் இறங்கியதும் ஒரு போன் செய்யச் சொல்லுங்கள். தொக்கு சிறு தீயில் ஏறட்டும். கேட் திறக்கும் சத்தம் கேட்டதும் முட்டை இறங்கட்டும், மூடி விழட்டும். ஷூவைக் கழற்றி, முகம் கழுவி, துண்டோடு அவன் வருவதற்கு ஆறு நிமிடம் ஆகும். முட்டைக்கும் அதே ஆறு நிமிடம்தான்.

தட்டில் மாற்றாதீர்கள், சட்டியோடு நடுவில் வையுங்கள். நீங்களும் எதிரே உட்காருங்கள். மஞ்சள்கருவை அவன் உடைக்கட்டும். முதல் ரொட்டித் துண்டை அவன் உங்களுக்குத்தான் நீட்டுவான்.